திருப்பூவனூர் முதியவரும் மாயவரத்து ஆனந்தும்: 23 நகர்த்தல்களில் முடிந்த ஒரு சதுரங்கக் கதை!

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், சாலியமங்கலத்தையும் அம்மாப்பேட்டையையும் தாண்டினால் கோயில்வெண்ணி வரும். இங்கே பஸ்ஸை விட்டு இறங்குபவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரை நோய் தீர வேண்டிக்கொண்டு கரும்பேஸ்வரரைப் பார்க்க வருகிறவர்கள். ஆனால், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊருக்கு வேறொரு பெயர் இருந்தது. வெண்ணிப் பறந்தலை. இளம் வயதுக் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வேளிர் கூட்டத்தையும் ஒரே களத்தில் எதிர்த்து ஜெயித்த இடம். யானை, குதிரை, தேர், காலாள் என நாற்படையும் மோதிய மண்ணில் இன்று நெல் விளைகிறது.

அந்த நாற்படையைத்தான் 64 கட்டங்களுக்குள் சுருக்கி, 'சதுரங்கம்' என்று பெயர் வைத்தார்கள். சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. வெண்ணிக்கு அடுத்து வரும் ஊர்ப்பக்கம்தான் அந்த விளையாட்டின் பெயரையே சுவாமிக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும், அந்தச் சாலையில் போகும்போது இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியாது.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் சுமார் 35 கிலோமீட்டர். ரயில்வே கேட் திறந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மூடியிருந்தால் ஒரு டீ குடிக்கலாம், சில நாள்களில் இரண்டு டீகூட குடிக்கலாம். நீடாமங்கலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. காவிரியிலிருந்து பிரிந்துவரும் வெண்ணாறு இங்கேதான் மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. 'மூணாறு தலைப்பு' என்பார்கள். எந்த மதகை எவ்வளவு தூக்குவது, எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில்தான் கீழே இருக்கும் ஊர்களின் நெல் நிற்கிறது. ஒரு வழியைத் திறந்தால் இன்னொரு வழியில் அளவு குறையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கிருந்து மன்னார்குடி சாலையில் திரும்பிச் சில கிலோமீட்டர் போனால், பூவனூர். தேவாரப் பெயர் திருப்பூவனூர். அப்பர் பதிகம் பாடிய தலம். சுவாமிக்குப் புஷ்பவனநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால், ஊர் உலகத்துக்கு அவர் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் வல்லவர் என்று ஒரு சிவனுக்குப் பெயர் இருப்பது சதுரங்கம் பிறந்த இந்த நாட்டிலேயே அபூர்வம்.

பெரிய ராஜகோபுரங்களைப் பார்த்துப் பழகிய தஞ்சைக் கண்களுக்கு இது அடக்கமான கோயில்தான். கற்பகவல்லி, ராஜராஜேஸ்வரி என்று இரண்டு அம்பாள் சந்நிதிகள். தனியாக ஒரு சாமுண்டீஸ்வரி சந்நிதி. எலிக்கடி, பூச்சிக்கடி என்று விஷக்கடிக்கு இந்தச் சாமுண்டியிடம் வேண்டிக்கொண்டு வேர் கட்டிக்கொள்வது பரம்பரை வழக்கம். செஸ்ஸுக்காக வருகிறவர்களைவிட இதற்காக வருகிறவர்களே இங்கு காலம்காலமாக அதிகம். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால், பாம்போ நாயோ கடித்தால் முதலில் போக வேண்டியது மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு. வேர் அதற்குப் பிறகும் கட்டலாம்.

தலபுராணம் சொல்லும் கதை இது. தென்பாண்டி நாட்டு மன்னர் ஒருவருக்குப் பிள்ளை இல்லை. தாமிரபரணியில் நீராடப் போனபோது, ஒரு தாமரையின் மேல் சங்கு ஒன்று இருந்தது. மனைவி அதைக் கையில் எடுத்ததும் அது பெண் குழந்தையானது. ராஜராஜேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். சாமுண்டியே செவிலித்தாயாக வந்து வளர்த்தாள். அந்தப் பெண் எல்லாக் கலைகளும் கற்றாள், சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளே இல்லாமல் போனது. 'என் மகளைச் சதுரங்கத்தில் ஜெயிப்பவருக்கே அவளைக் கொடுப்பேன்' என்று ராஜா அறிவித்தார். வந்தவர்கள் எல்லாம் தோற்றார்கள். வயதோ ஏறுகிறது, மாப்பிள்ளை அமையவில்லை. பெண்ணைப் பெற்ற எல்லா அப்பாக்களையும்போல ராஜாவும் கோயில் கோயிலாகக் கிளம்பினார். திருப்பூவனூர் வந்து சேர்ந்தபோது, ஒரு முதியவர் எதிரே வந்தார்.

'உங்கள் பெண்ணோடு நான் ஆடலாமா?'

ஆடினார். ஜெயித்தார்.

இங்கேதான் கதையில் ஒரு நிஜமான சங்கடம் வருகிறது. பந்தயப்படி பெண்ணைக் கொடுக்க வேண்டும். எதிரில் நிற்பதோ நரைத்த கிழவர். ராஜா கலங்கி நிற்கிறார். பிறகு வழக்கம்போல முதியவர் மறைந்து சிவன் தெரிகிறார், கல்யாணம் நடக்கிறது. பக்திக் கதையாகக் கேட்டால் முடிவுதான் முக்கியம். சதுரங்கக் கதையாகக் கேட்டால் நடுப்பகுதிதான் முக்கியம். ஆட்டத்துக்கு ஒரு முதியவர் வந்து உட்கார்ந்ததும் சுற்றி நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை?'

2022-ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது இந்தக் கோயிலுக்குத் திடீரென்று வெளிச்சம் கிடைத்தது. ஜூலை 28-ம் தேதி சென்னையில் நடந்த தொடக்க விழாவில், கடவுளே இளவரசியோடு சதுரங்கம் ஆடிய தலம் என்று பிரதமர் இந்தக் கோயிலைப் பற்றிப் பேசினார். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததையும், வேட்டி கட்டிய குதிரைக்கு 'தம்பி' என்று பெயர் வைத்ததையும் போல, பூவனூரும் அந்த வருடத்துச் செய்தியானது.

சதுரங்க ரசிகருக்கு மட்டும் கோயிலை விட்டு வரும்போது ஒரு குறை இருக்கும். ஆட்டம் எப்படிப் போனது என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. முதல் காய் எது, எந்த இடத்தில் இளவரசி சறுக்கினாள், எதுவும் தெரியாது. இன்னொன்று, அவர்கள் ஆடியது நாம் ஆடும் செஸ்ஸாக இருக்கவும் வாய்ப்பில்லை. பழைய சதுரங்கத்தில் ராணி கிடையாது. ராஜா பக்கத்தில் நின்றது மந்திரி. அவரும் குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். ராணி பலகை முழுக்கப் பாயத் தொடங்கியது 15-ம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில்.

ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலும் பதிவான ஒரு முதியவர் கதை வேண்டுமென்றால், இதே டெல்டாவில் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

நீடாமங்கலம் திரும்பி வடக்கே போனால் ஆலங்குடி குரு கோயில், வலங்கைமான், கும்பகோணம். குடமுருட்டியும் அரசலாறும் வழியில் குறுக்கிடும். கும்பகோணத்தில் காபி குடிக்காமல் போனால் பாவம் சேரும் என்பதால் அங்கே ஒரு நிறுத்தம். பிறகு காவிரியை ஒட்டியே கிழக்கே போனால் மயிலாடுதுறை. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று ஐப்பசியில் துலாக் கட்டத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் சொல்வார்கள். இந்த ஊரில்தான் 1969-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தார். அன்றைக்கு மயிலாடுதுறை தனி மாவட்டம் இல்லை. திருப்பூவனூர் இருக்கும் திருவாரூரும் தனி மாவட்டம் இல்லை. இரண்டும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம்.

ஊர்ப் பாசம் பேசும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனந்த் வளர்ந்தது சென்னையில். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். 6 வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போனபோது, அங்கே டி.வி-யில் மதியம் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பூவனூர்க் கதையில் இளவரசிக்குப் பின்னால் ஒரு சாமுண்டி இருந்ததைப்போல, மாயவரத்துப் பிள்ளைக்குப் பின்னால் சுசீலா இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்தது. 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன், இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர், 2000-ல் முதல் உலகப் பட்டம், 2007-லிருந்து தொடர்ச்சியாக உலக சாம்பியன். சிகரத்தில் இருக்கும் காலத்தைப் பற்றி எழுத எல்லோருக்கும் தெரியும். 2013-ம் ஆண்டு ஜனவரி அப்படிப்பட்ட காலம் இல்லை.

ஆனந்துக்கு அப்போது வயது 43. செஸ்ஸில் 43 என்றால், சினிமாவில் அப்பா வேடத்துக்குக் கூப்பிடும் வயது. பட்டம் அவரிடம்தான் இருந்தது. ஆனால், 2012 மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டிடமிருந்து அதைக் காப்பாற்றிக்கொள்ள 12 ஆட்டங்கள் ஆடியும் 6-6 என்று சமன். கடைசியில் அதிவேக ஆட்டங்களில்தான் முடிவு வந்தது. அந்த நேரத்தில், ஆனந்திடம் பழைய உந்துதல் இல்லை என்று முன்னாள் சாம்பியன் காஸ்பரோவே வெளிப்படையாகச் சொன்னார். 2008-க்குப் பிறகு வழக்கமான நேர அளவில் நடந்த எந்தத் தொடரிலும் ஆனந்த் முதலிடம் பிடித்திருக்கவில்லை. இன்னொரு பக்கம் 22 வயது மேக்னஸ் கார்ல்சன், காஸ்பரோவின் தரப்புள்ளி சாதனையையே உடைத்துவிட்டு வந்து நிற்கிறார். 'இந்த வயதில் இவருக்கு எதற்கு' என்ற கேள்வி செஸ் உலகம் முழுக்கக் கேட்டது.

அந்த ஜனவரியில் ஆனந்த் போனது நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ என்ற கடலோர ஊருக்கு. அந்த நாடும் ஒருவகையில் டெல்டாதான். ஆறுகள் கடலில் சேரும் தாழ்நிலம். கரை கட்டி, மதகு வைத்து, தண்ணீரோடு மல்லுக்கட்டி வாழ்கிற மக்கள். ஊர் சின்னது. ஆனால், பக்கத்து இரும்பு ஆலையின் ஆதரவில் 1938-ல் தொடங்கிய சதுரங்கத் தொடர் அங்கே நடக்கிறது. இப்போது அந்தத் தொடரின் பெயர் 'டாடா ஸ்டீல்'. நம் ஊர்த் திருவிழாக்களில் அன்னதானம்போல அங்கே முடிவு நாளில் பட்டாணி சூப் பரிமாறுவது வழக்கம். உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் ஆரம்பித்த பழக்கத்தை இன்னும் விடவில்லை.

4-வது சுற்று, ஜனவரி 15. தமிழ்நாட்டில் அன்று மாட்டுப் பொங்கல். டெல்டாவுக்கு அது உற்சாகமான பொங்கல் இல்லை. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2012-ல் செப்டம்பர் 17-ம் தேதிதான் திறக்கப்பட்டது. பம்ப் செட் இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் குறுவை இல்லை. சம்பாவும் கடைமடையில் கருகியது. காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வருடம் மாடுகளின் கொம்புக்கு வண்ணம் அடித்த பல கைகளுக்கு, அடுத்த போகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாது. அவர்களில் எத்தனை பேர் அன்று மாலை செஸ் பார்த்திருப்பார்கள்? அதிகம் பேர் இருக்க வாய்ப்பில்லை. ஆனால், மாயவரத்தில் பிறந்த ஒருவர் தன் வாழ்நாளின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்றை ஆடியது அந்த மாட்டுப் பொங்கலன்றுதான்.

எதிரில் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். 30 வயது. புதியவர் அல்ல. ஆர்மீனியாவோடு சேர்ந்து 3 ஒலிம்பியாட் தங்கம் வென்றவர். அதே வைக் ஆன் ஜீ தொடரில் முந்தைய வருடம் முதலிடம் பிடித்தவர். ஆனந்துக்குப் பலமுறை தலைவலி கொடுத்தவர். வெள்ளைக் காய்களும் அரோனியனுக்குத்தான். இரண்டு அனுபவசாலிகள் மோதினால் கைகுலுக்கி டிரா செய்துவிட்டுப் போவார்கள் என்று ரசிகர்கள் முணுமுணுப்பதுண்டு. அன்று அது நடக்கவில்லை.

காய்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. இங்கே மூலையில் நிற்பது யானை, குறுக்கே போவது மந்திரி. சில வீடுகளில் அதையே ஒட்டகம் என்பார்கள்.

முதல் 11 நகர்த்தல்கள் அமைதியாக, புத்தகத்தில் இருக்கிறபடியே போயின. இருவரும் கோட்டை கட்டிக்கொண்டார்கள். 12-வது நகர்த்தலில் அரோனியன் தன் குதிரையைக் கறுப்பு ராஜாவின் வாசல்வரை கொண்டுவந்தார். வாசலில் நிற்கும் சிப்பாய்க்குக் குறி. யாராக இருந்தாலும் சிப்பாயைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல், வேறு பக்கத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். அரோனியன் குதிரையால் வாசல் சிப்பாயை வெட்டினார். இப்போது அந்தக் குதிரை ஆனந்தின் யானையையும் குறிவைத்து நிற்கிறது. அதையும் ஆனந்த் கண்டுகொள்ளவில்லை. தன் குதிரையை எடுத்து வெள்ளை ராஜாவின் பக்கம் பாய்ந்தார்.

வீட்டுக்குள் திருடன் புகுந்திருக்க, வீட்டுக்காரர் திருடன் வீட்டைப் பார்க்கப் போனதைப்போல ஓர் ஆட்டம் அது.

15-வது நகர்த்தலில் ஆனந்த் தன் மந்திரியை எதிரியின் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அரோனியன் அதைத் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 16-வது நகர்த்தலில் ஆனந்த் இரண்டாவது குதிரையையும் நடுப் பலகைக்கு இழுத்துவந்தார். அந்தக் கட்டத்தை வெள்ளையின் ஒன்றல்ல, இரண்டு சிப்பாய்கள் காவல் காக்கின்றன. அந்த நொடியில் பலகையைப் பார்த்தால் தலை சுற்றும். கறுப்பின் 2 குதிரைகள், 1 மந்திரி, 1 யானை, ஆக 4 பெரிய காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்கு நிற்கின்றன. வெள்ளைக்கு எதை வெட்டுவது என்பதுதான் பிரச்னை. எதை வெட்டினாலும் பிரச்னை.

சும்மா கிடைக்கிறதே என்று ராஜா பக்கச் சிப்பாயால் நடுக் குதிரையை வெட்டினால்? கறுப்பு ராணி நேராக இறங்கி செக் வைப்பாள். ராஜா மூலைக்கு ஒதுங்கினால், ராணி அவர் பக்கத்திலேயே போய் நின்று தன்னையே பலி கொடுப்பாள். யானை அவளை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும், ராஜாவுக்கு ஒரு பக்கம் சொந்த யானை, முன்னால் சொந்தச் சிப்பாய்கள். நகர இடமில்லை. அப்போது குதிரை வந்து கதையை முடித்துவிடும். தன் ஆள்களுக்கு நடுவிலேயே ராஜா மூச்சுமுட்டிச் சாவார்.

அரோனியன் அந்த வலையில் விழவில்லை. மந்திரியால் முன்குதிரையை வெட்டினார். ஆனந்த் தன் மந்திரியால் நடுச் சிப்பாயை எடுத்து செக் வைத்தார். ராஜா மூலைக்குப் போனார். ஆனந்த் இன்னொரு குதிரையால் அந்த மந்திரியை வெட்டினார். இப்போது அரோனியனின் குதிரை, அவ்வளவு நேரமாகக் காத்திருந்த யானையை வெட்டியது. நம் வீட்டுப் பலகையில் இது நடந்திருந்தால், உடனே ராஜாவாலோ ராணியாலோ அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டியிருப்போம். கை தானாகப் போகும்.

ஆனந்தின் கை அங்கே போகவில்லை. ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நகர்த்தல். ஆனால், வெள்ளை ராணி குறுக்கு வழியில் கறுப்பு ராஜாவின் வாசலுக்குப் பாய ஒரு பாதை திறந்திருந்தது. சிப்பாய் போய் நின்றதும் அந்தப் பாதை அடைபட்டது. மூணாறு தலைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையை இறக்கினால் போதும், ஓர் ஆறே நின்றுவிடும்.

யானை போனது போனதுதான். அரோனியன் குதிரையைக் காப்பாற்ற ஓடினார், முடியவில்லை. 21-வது நகர்த்தலில் கறுப்பு ராணி அதை வெட்டினாள். அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராஜாவுக்கு எதிரே வந்து நின்றாள். அரோனியனின் ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரச் சிப்பாயைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஏனென்றால், பக்கத்துச் சிப்பாய் திருப்பி வெட்ட முடியாது. பலகையின் மறுகோடியிலிருந்து ஆனந்தின் இன்னொரு மந்திரி அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. எனவே, அரோனியன் தன் ராணியைக் குறுக்கே நகர்த்தி, அதே வரிசையில் தூரத்திலிருந்து ஓரச் சிப்பாய்க்குக் காவல் நிறுத்தினார்.

23-வது நகர்த்தல். ஆனந்த் தன் மந்திரியை அந்த வரிசையின் நடுவில் வைத்தார். வெள்ளை ராணிக்கும் சிப்பாய்க்கும் இடையில் இரண்டாவது மடை. அந்த மந்திரியை ராணி வெட்டலாம், எதிர் மந்திரி வெட்டலாம். எதனாலும் பயனில்லை. அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கணக்குப் பார்த்தால் அந்த நொடியிலும் வெள்ளைக்குத்தான் பலம் அதிகம். வெள்ளையிடம் 2 யானைகள், கறுப்பிடம் ஒன்றே ஒன்று.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது 106 வருடங்கள் பழைய ஓர் ஆட்டம். 1907-ல், இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில், ரோட்லெவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டீன் கறுப்புக் காய்களோடு ஆடியது. அதிலும் இரண்டு மந்திரிகளும் தூரத்திலிருந்து ராஜாவைக் குறிவைத்து நிற்க, மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டுக்கு வந்து நிற்கும். செஸ் புத்தகங்களில் அழியாத ஆட்டம். ஒரு நூற்றாண்டு கழித்து அதன் தம்பிபோல இன்னொன்று பிறந்தது.

இன்னொரு விவரம்தான் இதில் சுவாரஸ்யம். இந்தத் தாக்குதலின் வேர், கெல்ஃபாண்டுடன் மோதுவதற்காக முந்தைய வருடம் ஆனந்தும் அவருடைய குழுவும் செய்துவைத்த தயாரிப்பில் இருந்தது. எந்த மோதலை வைத்து 'இவர் முடிந்துவிட்டார்' என்று எழுதினார்களோ, அந்த மோதலுக்குப் போட்ட உழைப்பு, களஞ்சியத்தில் எடுத்துவைத்த விதைநெல்போல 8 மாதங்கள் கழித்து முளைத்தது. அந்தத் தயாரிப்பைச் சரியான நாளில், சரியான எதிராளியின் முன்னால், வரிசை பிசகாமல் நினைவுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் அனுபவம். வேகமாகக் கணக்குப் போட 22 வயது போதும். இதற்கு அது போதாது.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அந்த வைக் ஆன் ஜீ தொடரில் முதலிடம் கார்ல்சனுக்கு. அடுத்த மாதம் ஜெர்மனியின் பாடன்-பாடனில் நடந்த தொடரில் ஆனந்த் முதலிடம் பிடித்தார். 5 வருடக் காத்திருப்பு முடிந்தது. ஆனால், அதே ஆண்டு நவம்பரில், சொந்த ஊரான சென்னையிலேயே, கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். பூவனூர் முதியவருக்குக் கடைசியில் உருவம் மாறிவிட்டது. மாயவரத்துக்காரருக்கு 43 என்பது 44 ஆனது, அவ்வளவுதான்.

ஓய்வு பெறப் போகிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2014 மார்ச் மாதம் ரஷ்யாவின் கான்டி-மான்சிஸ்க் நகரில் கேண்டிடேட்ஸ் தொடர். உலக சாம்பியனை எதிர்க்கப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி. வெல்லப்போகிறவர் என்று பலரும் சொன்ன பெயர் அரோனியன். முதல் சுற்றிலேயே ஆனந்தும் அரோனியனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இந்த முறை வெள்ளைக் காய்கள் ஆனந்திடம். ஜெயித்தது ஆனந்த். தொடரின் முடிவில் முதலிடமும் அவருக்கே.